தேர்தற் கண்காணிப்பும் முடிவுத்தாளும்

தேர்தற் சீர்திருத்தம் என்றவுடன் அறிஞர் பலரும் வாக்குரிமையின் வயதெல்லை, தொகுதிகளின் பகுப்பு, வேட்பாளர் செய்யும் செலவின் வரம்பு என்னும் இவற்றையே எடுத்து வாதிப்பர். இவை யாவும் வேண்டப்படுவனவே. ஆயினும், வாக்குகளை எண்ணுவோர் யாவர், எண்ணியதை எழுதிய தாள் யார் கையிற் செல்கின்றது, அதனைக் குடிமகன் ஒருவன் தன் கண்ணாற் காண இயலுமா என்னும் வினாக்களை அத்துணை ஊக்கத்துடன் எழுப்புவார் சிலரே. பகல் முழுதும் மக்களை முறையாக வாக்களிக்கவிட்டு, இரவில் எண்ணை மாற்றி எழுதுவது, ஆட்சியிலிருப்போர்க்குத் தேர்தற் களவுகளுள் மிக எளியதொன்றாம். அதற்கு அடியாட்களும் வேண்டா. எழுதுகோல் ஒன்று போதும். ஆதலின், தேர்தலைக் காக்க விழைவோர் முதற்கண் காக்க வேண்டியது ஒவ்வொரு சாவடியிலும் எழுதப்படும் முடிவுத்தாளையே என்பது எமது துணிபு. இதற்குச் சில நாடுகளின் அண்மைக்கால வரலாறே சான்றாதலின், அவற்றை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

பிறநாட்டார் வந்து ஒரு நாட்டின் தேர்தலைப் பார்வையிடும் வழக்கம் புதியதன்று. கிரைமியப் போருக்குப் பின்னர், மால்டேவியா, வாலேக்கியா என்னும் இரு சிற்றரசுகளும் ஒன்றுபட வேண்டுமா என்பதில் அந்நாட்டாரின் கருத்தை அறிதற்பொருட்டு 1857-ஆம் ஆண்டில் தேர்தல் நடந்தது. ஐரோப்பிய வல்லரசுகளின் குழு ஒன்று உடனிருந்து அதனை நோக்கிற்று. மால்டேவியாவில் முதற்கண் நடந்த தேர்தல் புரட்டு மலிந்தது என்பது வெளிப்படவே, அது தள்ளப்பட்டு மீண்டும் நடத்தப்பட்டது. முன்னர் ஒன்றுபடலாகாது என்று முடிந்தது, பின்னர் ஒன்றுபட வேண்டும் என்று முடிந்தது. மக்கள் அவரே, ஊர்களும் அவையே; வாக்காளர் பட்டியலை எழுதிய முறையே வேறாயிற்று. 1953-இல் சூடான் நாட்டுப் பாராளுமன்றத் தேர்தலை மேற்பார்த்த பன்னாட்டுக் குழுவிற்குத் தலைமை பூண்டவர், நம் இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராகிய சுகுமார் சென் ஆவார் என்பதும் நினைவுகூரத் தக்கது. இவ்வழக்கம் பெரிதும் பரவியது 1990-க்குப் பின்னரேயாம். 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள், பார்வையாளர்க்குரிய நெறிகள் தொகுக்கப்பெற்று ஐக்கிய நாடுகள் அவையில் வெளியிடப்பட்டன.

இங்ஙனம் வரும் அயல்நாட்டுப் பார்வையாளரைப் பழிப்பது எமது கருத்தன்று. ஆயினும், சில கிழமைகளே தங்கி, பல்லாயிரம் சாவடிகளிற் சில நூறு சாவடிகளுக்கு மட்டும் சென்று, ஆங்காங்கே சிறிது பொழுது நின்று மீளும் ஒருவர் காணக்கூடியது எவ்வளவு? வரிசை ஒழுங்காக இருந்தது, பெட்டி பூட்டியிருந்தது, மையிட்டனர் என்பன அவர் கண்ணிற்படும். கணக்குத் தலைநகர் சேருமுன் வழியில் நேர்வது அவர் கண்ணிற் படாது. மேலும், பார்வையாளர் எல்லாரும் ஒரு தன்மையரும் அல்லர். 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் அசர்பைசான் நாட்டிற் குடியரசுத் தலைவர் தேர்தல் குறிக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய நாளே, தேர்தல் ஆணையத்தின் பெயரால் வழங்கிய கைப்பேசிச் செயலியில், ஆட்சியிலிருந்தவர் பெருவெற்றி பெற்றதாக முடிவு வெளிவந்துவிட்டது! சோதித்துப் பார்த்தபொழுது நேர்ந்த பிழை என்று சமாதானம் கூறப்பட்டது. அத்தேர்தலை நோக்கிய ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் பார்வையாளர், தாம் கண்ட வாக்கெண்ணிக்கைகளிற் பாதிக்கு மேற்பட்டவை தீயன என்று எழுதினர். ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினர் சிலரோ, அதே தேர்தல் கட்டற்றதும் நேர்மையானதும் ஆம் என்று சான்று பகர்ந்தனர். ஒரே நாள், ஒரே நாடு, இரு சான்று. ஆள்வோர் தமக்கு உவந்ததை எடுத்துக்கொண்டார் என்பதை யாம் சொல்லவும் வேண்டுமோ?

ஆதலின், உள்ளூர்க் குடிமக்களே ஒன்றுகூடிச் செய்யும் கண்காணிப்பினிடத்தே எமக்கு நம்பிக்கை மிகுதி. இதற்கு வழிகாட்டியது பிலிப்பைன்ஸ் நாடு. அங்கு 1983-இல் தோன்றிய நாம்பிரெல் என்னும் குடிமக்கள் இயக்கம், 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் மார்க்கோசுக்கும் கொராசோன் அக்கினோவுக்கும் இடையே நிகழ்ந்த தேர்தலில் இலட்சக்கணக்கான தொண்டரைச் சாவடிதோறும் நிறுத்திற்று. துறவு பூண்ட கன்னியரும் குருமாரும் வாக்குப் பெட்டிகளைச் சூழ்ந்து நின்று காத்தனர். அவ்வியக்கத்தார், சாவடிகளின் முடிவுகளைத் தாமும் தனியே சேர்த்துக் கூட்டினர். அரசின் தேர்தல் ஆணையம் கூட்டிய தொகை ஒன்று, இவர் கூட்டிய தொகை வேறொன்று. பிப்ரவரி 9-ஆம் நாள் இரவு, ஆணையத்தின் கணிப்பொறிகளை இயக்கிக்கொண்டிருந்த முப்பதின்மேற்பட்டோர், தாம் ஏற்றிய எண்ணும் பலகையிற் காட்டப்பட்ட எண்ணும் ஒவ்வாமை கண்டு, பணியை விட்டெழுந்து வெளியேறித் தேவாலயமொன்றிற் புகலடைந்தனர். சில நாளில் அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள், வஞ்சனையால் ஆட்சியைக் கைக்கொள்வார்க்கு அறவழிப்பட்ட உரிமை யாதுமில்லை என்று அறிக்கை விடுத்தனர். பிப்ரவரி 25-ஆம் நாள் மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார். படைவீரருட் சிலர் பிரிந்ததும், மக்கள் தெருவிற் திரண்டதும் அதற்கு நேர்க்காரணங்களாம். எனினும், மக்கள் ஐயமின்றித் திரளுதற்கு வேறொரு கணக்கு அவர் கையில் இருந்தது என்பதை மறத்தலாகாது.

கணக்குக் கையில் இருந்தும் வாய் திறக்க இயலாதார் கதையும் ஒன்று உண்டு. அது கிறிஸ்தவராகிய எம்மை மிகவும் வருத்துவதாகலின் சற்று விரித்துக் கூறுகின்றோம். காங்கோ சனநாயகக் குடியரசில் 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் நடந்த தேர்தலில், அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர் பேரவை ஏறத்தாழ 40,000 கண்காணிப்பாளரை அனுப்பிற்று. சாலையும் மின்விளக்கும் இல்லாத பெருங்காட்டு நாட்டில் அத்துணை பேரை நிறுத்தவல்ல அமைப்பு திருச்சபையன்றி வேறொன்று அரிது. 2019 சனவரி 10-ஆம் நாள், பீலிக்ஸ் சிசெகெடி வென்றார் என ஆணையம் அறிவித்தது. ஆயர் பேரவை, தன் கண்காணிப்பாளர் திரட்டிய கணக்கோடு அவ்வறிவிப்பு பொருந்தவில்லை என்று மட்டும் கூறிற்று. பொருந்தவில்லை எனின், பின்னை வென்றவர் யார்? அதனை அவர் கூறவில்லை. ஆணையத்தையன்றி வேறெவரும் முடிவை வெளியிடலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். சில நாளில் வெளிநாட்டுச் செய்தித்தாள் ஒன்று, கசிந்துவந்த கணக்குகளை ஆராய்ந்து, மார்ட்டின் பாயுலு என்பார் ஏறத்தாழ 60 விழுக்காடு பெற்றிருந்தார் என்று எழுதியது. அரசியலமைப்பு நீதிமன்றமோ அறிவிக்கப்பட்ட முடிவையே நிலைநிறுத்திற்று. ஆயரை யாம் கோழையர் என்று கூறத் துணியோம். பெயரை உரைத்திருப்பின் குருதி சிந்தியிருக்குமோ என்னும் அச்சம் அவர்க்கு இருந்திருக்கும். எமது வழக்கு அச்சட்டத்தின் மீதே. 40,000 பேர் கண்டதை வாயாற் கூறுவது குற்றம் என்று ஒரு விதி இருக்குமாயின், கண்காணிக்கும் உரிமை கொடுத்ததனாற் பயன் என்னை?

இனி, விதிகள் திருந்தியதனால் விளைந்த நன்மையைக் கென்யா நாட்டிற் காணலாம். 2007-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் அங்கு நடந்த தேர்தலிற் சில தொகுதிகளில் அறிவித்த எண்ணும் தலைநகர் நைரோபியில் அறிவித்த எண்ணும் வேறுபட்டிருந்தமையை ஐரோப்பியப் பார்வையாளர் சுட்டினர். டிசம்பர் 30-ஆம் நாள் முடிவு அறிவிக்கப்பட்டு, அன்று மாலையே கிபாக்கி அவசரமாகப் பதவியேற்றார். அதன்பின் மூண்ட கலகத்தில் ஆயிரத்தின் மேற்பட்டோர் மாண்டனர். எல்டோரெட் நகர்க்கு அருகே தேவாலயமொன்றில் அடைக்கலம் புகுந்திருந்த பெண்டிரும் பிள்ளைகளும் 2008 சனவரி 1-ஆம் நாள் உள்ளேயே எரியூட்டப்பட்டனர். தென்னாப்பிரிக்க நீதிபதி கிரீக்ளர் தலைமையில் அமைந்த ஆணையம் பின்னர் ஆராய்ந்து, கணக்குகள் பழுதுபட்ட மிகுதியால் உண்மையில் வென்றவர் எவர் என்று கூறவே இயலாது என முடிவுசெய்தது. தோற்றவர் இன்னார் என்றேனும் தெரிந்திருப்பின் ஒருவாறு ஆறுதல் பெறலாம். இத்துணை உயிரும் எதன்பொருட்டு நீங்கின என்பதே தெரியாமற்போனது கொடுமையினும் கொடுமையன்றோ?

2010-இல் கென்யர் புதிய அரசியலமைப்பை இயற்றிக்கொண்டனர். குடியரசுத் தலைவர் தேர்தலை எதிர்த்து ஏழு நாளில் வழக்கிடலாம் என்றும், உச்ச நீதிமன்றம் பதினான்கு நாளில் தீர்ப்பளித்தல் வேண்டும் என்றும் அது வகுத்தது. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் தேர்தல் நடந்தது. முன்னாள் அமைச்சரும் முன்னாள் அதிபரும் தலைமை தாங்கிய வெளிநாட்டுக் குழுக்கள் பல, வாக்குப்பதிவு நன்றாக நடந்ததெனப் புகழ்ந்து, குறையுடையார் நீதிமன்றம் செல்க என்று கூறிப் புறப்பட்டன. குறையுடையார் அங்ஙனமே நீதிமன்றம் சென்றனர். செப்டம்பர் 1-ஆம் நாள், ஆறு நீதிபதிகளில் நால்வர் அத்தேர்தல் செல்லாதென்று தீர்த்தனர். ஆட்சியிலிருக்கும் குடியரசுத் தலைவர் ஒருவரின் வெற்றியை ஆப்பிரிக்காவில் நீதிமன்றம் தள்ளியது அதுவே முதன்முறை. வாக்களிப்பிற் குற்றம் கண்டு அவர் அங்ஙனம் தீர்க்கவில்லை. சாவடித் தாள்கள் எல்லாம் வந்து சேருமுன்னரே முடிவு அறிவிக்கப்பட்டது. கணக்கு வந்த வழியைக் காட்டுமாறு நீதிமன்றம் ஆணையிட்டும் ஆணையம் தன் கணிப்பொறிக் களஞ்சியத்தை முழுதும் திறந்து காட்டவில்லை. இவையே காரணங்கள். வெளிநாட்டார் பார்த்தது சாவடியின் வாயிலை. நீதிபதிகள் கேட்டது தாளை. மறுதேர்தலை எதிர்க்கட்சித் தலைவர் ஒடிங்கா புறக்கணித்தமையால் அது பயன்படாது கழிந்தது என்பதையும் மறையாது கூறுதல் வேண்டும்.

எனினும் அத்தீர்ப்பின் பயன் ஐந்தாண்டு கழித்துத் தோன்றிற்று. 2022 ஆகஸ்டு 9-ஆம் நாள் தேர்தல் முடிந்தவுடன், 46,000-க்கு மேற்பட்ட சாவடிகளின் முடிவுத்தாள்களை நிழற்படமாக்கி ஆணையம் இணையதளத்தில் வெளியிட்டது. கையெழுத்தும் முத்திரையுமாக எழுதப்பட்ட அத்தாளை, தெருவில் தேநீர் விற்பவரும் தம் கைப்பேசியிற் பார்க்கலாயிற்று. செய்தித்தாளினரும் தொலைக்காட்சியினரும் மாணவரும் தத்தமக்கு வேண்டியவாறு கூட்டிப் பார்த்தனர். எலாக் என்னும் உள்ளூர்க் கண்காணிப்பாளர் குழு, தேர்ந்தெடுத்த சாவடிகளின் கணக்கைக் கொண்டு தனியே மதிப்பிட்டது. ரூட்டோ 50.49 விழுக்காடு பெற்று வென்றார் என அறிவிக்கப்பட்டபொழுது, ஆணையர் எழுவரில் நால்வர் அம்முடிவைத் தாம் ஏற்கவில்லை என்று வெளியே வந்து கூறினர். 2007-இல் இது நேர்ந்திருப்பின் நாடு எரிந்திருக்கும். 2022-இல் எரியவில்லை. எலாக் குழுவின் மதிப்பீடு அறிவிக்கப்பட்ட முடிவோடு ஒத்திருந்தது. தாள்களோ எல்லார் கண்முன்னும் கிடந்தன. உச்ச நீதிமன்றமும் செப்டம்பர் 5-ஆம் நாள் ஒருமனதாக அம்முடிவை நிலைநாட்டிற்று. அரை விழுக்காட்டிற்கும் குறைவான மிகுதியால் பெரும்பான்மை எல்லையைக் கடந்த ஒருவர் அமைதியாகப் பதவியேற்றார்.

மலாவி நாட்டுக் கதை இதனினும் இனியது. அந்நாட்டில் 1992-ஆம் ஆண்டு தவக்காலத்திற் கத்தோலிக்க ஆயர்கள் விடுத்த திருமடல் ஒன்றே ஒருகட்சி ஆட்சியின் அடித்தளத்தை அசைத்தது என்பர். அங்கு 2019-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் தேர்தல் நடந்தது. வாக்குப்பதிவைப் பற்றி வந்திருந்த பார்வையாளர் பெரும்பாலும் நற்சான்றே தந்தனர். பீட்டர் முத்தாரிகா 38.57 விழுக்காடும், லாசரஸ் சக்வேரா 35.41 விழுக்காடும் பெற்றனர் என முடிவு வந்தது. முடிவுத்தாள்களைப் புரட்டிப் பார்த்தபொழுதோ, பலவற்றில் எண்கள் வெண்ணிற அழிமையால் மறைக்கப்பட்டு மேலே வேறெண்கள் எழுதப்பட்டிருந்தன. பள்ளிப் பிள்ளைகள் கட்டுரையேட்டிற் பிழை திருத்தும் அவ்வெள்ளை மையே ஒரு நாட்டின் தலைவரைத் தெரிந்தெடுத்தது என்று மக்கள் எள்ளி, அத்தேர்தலுக்கு அம்மையின் வணிகப் பெயரால் டிப்பெக்ஸ் தேர்தல் என்றே பெயரிட்டனர். மாதக்கணக்கில் தெருக்களில் எதிர்ப்பு நடந்தது. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், படைவீரர் காவலுடன் மன்றம் புகுந்த ஐந்து நீதிபதிகள், நாள் முழுதும் தீர்ப்பை வாசித்து, அத்தேர்தலைத் தள்ளினர். அம்மட்டோடு நில்லாது, பெரும்பான்மை என்று அரசியலமைப்பு கூறுவது பாதிக்கு மேற்பட்ட வாக்குகளையே குறிக்கும் என்றும் பொருளுரைத்தனர். அதுவரை மற்றையோரினும் ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவரே வென்றவர் என்பது வழக்கம். ஒரு சொல்லின் பொருளை ஆராய்ந்து ஒரு நாட்டின் தேர்தல் முறையையே மாற்றிய இத்தீர்ப்பு, இலக்கணம் பயிலும் எம்மனோர்க்குத் தனியின்பம் தருவதாம்.

2020 ஜூன் 23-ஆம் நாள் மறுதேர்தல் நடந்தது. கொள்ளைநோய்க் காலமாகையால் அயல்நாட்டுப் பார்வையாளர் பெரும்பாலும் வரவில்லை. வாராமையாற் கேடொன்றும் விளையவில்லை. உள்ளூராரே சாவடிகளிற் காத்திருந்தனர், தாள்களை ஒப்பிட்டனர், நாடு முழுதும் வானொலியருகே விழித்திருந்தது. சக்வேரா பாதிக்கு மேற்பட்ட வாக்குகளுடன் வென்றார். 2025 செப்டம்பர் 16-ஆம் நாள் நடந்த அடுத்த தேர்தலில் அவரே முத்தாரிகாவிடம் தோற்று, ஆணையம் முடிவை அறிவிக்குமுன்பே தோல்வியை ஒப்புக்கொண்டார். கென்யாவின் பதினான்கு நாட்கெடு மிகக் குறுகியது என்பதும், மலாவி நீதிமன்றம் எடுத்துக்கொண்ட எட்டுத் திங்களில் ஐயத்திற்குரியவரே ஆண்டுகொண்டிருந்தார் என்பதும் உண்மை. இரண்டற்கும் இடைப்பட்டதோர் எல்லையை, ஆறு கிழமை அல்லது எட்டுக் கிழமை என, வகுத்தல் நன்றென்பது எமது எண்ணம்.

தாள் இருந்தால் யாவும் சரியாகிவிடுமோ என்று வினவுவார் உளர். ஆகாது. வெனிசுவேலாவில் 2024 ஜூலை 28-ஆம் நாள் தேர்தலின்பொழுது, எதிர்க்கட்சியார் இயந்திரம் அச்சிட்டுத் தந்த முடிவுத்தாள்களைச் சாவடிதோறும் காத்து வாங்கி, 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டவற்றை வெளியிட்டனர். அவற்றின்படி அவர்தம் வேட்பாளரே பெருவாரியாக வென்றிருந்தார். ஆணையமோ மதுரோ வென்றார் என்று அறிவித்ததேயன்றிச் சாவடிவாரியான கணக்கை வெளியிடவில்லை. அழைப்பின்பேரில் வந்திருந்த கார்ட்டர் மையத்தார், அத்தேர்தலை மக்களாட்சி முறைப்பட்டதாகக் கொள்ள இயலாதென எழுதினர். 2025 சனவரியில் மதுரோ மீண்டும் பதவியேற்றார். தாள் அரியணையை அசைக்கவில்லை. ஆயினும், நடந்தது யாதென்பது பற்றிக் கென்யரைப்போல் வெனிசுவேலர் இருளில் விடப்படவில்லை. இவ்விரு நிலைகளுக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

இனி, எமது கொள்கைக்கு மாறாக எழும் தடைகளுள் வலியது ஒன்று நம் நாட்டிலேயே உளது. ஒவ்வொரு சாவடியின் கணக்கும் வெளிப்படுமாயின், இன்ன ஊர், இன்ன தெரு எமக்கு வாக்களிக்கவில்லை என்று வென்றவர் அறிந்து, அவ்வூர்க்குக் குழாய்நீரையும் சாலையையும் மறுப்பாரன்றோ? ஒருவரது வாக்கு மறைவாயினும், ஊரின் வாக்கு மறைவாகாது. இந்தியாவில் வாக்குச்சீட்டு வழங்கிய காலத்தில், அச்சுறுத்தல் நேரக்கூடிய இடங்களிற் பல சாவடிகளின் சீட்டுகளை ஒருங்கே கலந்து எண்ணுதற்கு விதி இடங்கொடுத்தது. இயந்திரம் வந்தபின் அஃது இயலாதாயிற்று. பதினான்கு இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்துக் கூட்டிக் காட்டும் தொகைக்கருவி ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2008-இற் பரிந்துரைத்தது; சட்ட ஆணையமும் 2015-இல் தன் 255-ஆம் அறிக்கையில் அதனை ஆதரித்தது. அஃது இதுகாறும் சட்டமாகவில்லை. சிற்றூர்ச் சேரிகளில் வாழும் எளியார்க்கு இவ்வச்சம் வெறுங்கற்பனையன்று என்பதை யாம் அறிவோம். ஆதலின் இத்தடையை எள்ளித் தள்ள மாட்டோம்.

ஆயினும், இதற்கு மருந்து தாளை மறைத்தலன்று. அடுத்தடுத்துள்ள நான்கைந்து சாவடிகளை, அவை மிகச் சிறியனவாயிருக்குமிடத்து, எண்ணுமுன்னரே ஒன்றாகக் கலத்தல் கூடும். கலந்தபின் எழுதப்படும் தாள் வழக்கம்போற் கையொப்பமிடப்பட்டு, படியெடுக்கப்பட்டு, வாயிலில் ஒட்டப்படுதல் வேண்டும். ஊர் மறைவுபெறும், கணக்கு வெளிப்படும். நம் நாட்டிற் பதிவான வாக்குகளின் தொகையைக் காட்டும் 17சி என்னும் படிவத்தின் படி, சாவடியிலிருக்கும் வேட்பாளர் முகவர்க்கு இன்றும் கொடுக்கப்படுகின்றது. எக்கட்சியையும் சாராத குடிமக்கள் குழுவினர்க்கு அதனைப் பெறும் உரிமை இல்லை. தேர்தல் ஆணையம் அனுப்பும் பார்வையாளர் என்பார் அரசு அலுவலரே. அவர் திறமையை யாம் ஐயுறவில்லை. ஆயினும், தேர்தலை நடத்துவோர் தாமே அனுப்பும் ஒருவரைத் தற்சார்புடைய கண்காணிப்பாளர் என்று அழைப்பது சொல்லுக்குப் பொருந்தாது.

வாக்கன்று, குடவோலை, தேர்தலன்று, திருவுளச்சீட்டு. அவ்வேற்றுமையை மறவாமலே உத்தரமேரூர்ச் சோழர் கல்வெட்டிலுள்ள ஒரு சிறு விதியை ஈண்டு நினைக்கின்றோம். குடத்திலிருந்து சிறுவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். தான் வாசித்தபின் அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதனையே வாசித்தல் வேண்டும். ஓலை வாங்குவோன் நல்லவனா தீயவனா என்று அக்காலத்தார் ஆராயவில்லை. கையை மூடலாகாது என்றனர்.

அவ்விதி பார்வையாளர்க்கும் உரியதே. பொலிவியாவில் 2019 அக்டோபர் 20-ஆம் நாள் தேர்தலன்று விரைவெண்ணிக்கை இடையில் நின்றது. அமெரிக்க நாடுகள் அமைப்பின் பார்வையாளர் மறுநாளே, எண்களின் போக்கு விளக்கவொண்ணாதவாறு மாறியது என்று அறிக்கை விடுத்தனர். கலகம் மூண்டு, நவம்பர் 10-ஆம் நாள் ஈவோ மொராலெஸ் பதவி துறந்தார். பின்னர் ஆராய்ந்த புள்ளியியலார் சிலர், அம்மாற்றம் இயல்பாகவே விளக்கத்தக்கது என்று எழுதினர். அமைப்பினரோ, தாம் பின்னர்ச் செய்த தணிக்கையிற் பிற குற்றங்களும் கண்டோம் என்று நின்றனர். யார் சொல் மெய் என்று இங்கிருந்து தீர்க்க யாம் புகவில்லை. தாம் எவ்வாறு கணித்தோம் என்பதை முழுதும் திறந்துவைக்காமல் ஒரு நாட்டின் கொந்தளிப்பினிடையே ஒரு சொல்லை எறிதல், பார்வையாளர் செய்யத்தகாத செயல் என்பது மட்டும் உறுதி.

யாம் வேண்டுவன பெரியனவல்ல. சாவடித் தாளின் படியைப் பெறும் உரிமை கட்சிசாராக் குடிமக்களுக்கும் வேண்டும். தாள்கள் யாவும் வெளியாகுமுன் மொத்தத் தொகையை அறிவித்தல் கூடாது. தான் கண்ட கணக்கை ஒருவர் வெளியிடுதல் எந்நாட்டிலும் குற்றமாகலாகாது. இவற்றுள் இறுதியில் நின்றதே காங்கோவில் இன்றியமையாதது. 2023 டிசம்பரில் அங்கு மீண்டும் தேர்தல் நடந்தபொழுது, கத்தோலிக்க ஆயர் பேரவையும் புரோட்டஸ்டாண்டுச் சபைகளின் ஐக்கியமும் முன்னில்லாதவாறு ஒன்றுசேர்ந்து ஒரே கண்காணிப்புக் குழுவை அமைத்தன. முறைகேடுகள் பல என்றும், சில இடங்களில் அவை முடிவைத் தாக்கியிருக்கலாம் என்றும் எழுதின. வேட்பாளருள் ஒருவர் மற்றையோரை மிக விஞ்சிப் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைத் தாம் ஒருவரே பெற்றிருந்தமையைத் தம் தனிக்கணக்கிற் கண்டதாகவும் தெரிவித்தன. அவர் யார் என்று அம்முதலறிக்கையிற் பெயர் குறிக்கப்படவில்லை.